பெங்களூரிலிருந்து தக்கலைக்கு வீடு மாற்றம்: சாமானை இறக்கும் முன் கேட்டு வாங்கிய கூடுதல் பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

சானல்கரை வீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் பெங்களூரில் வசித்த நாங்கள், மாமியார் சொந்த ஊரிலேயே இருக்க விரும்பியதால், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே சானல் (பாசனக் கால்வாய்) கரையை ஒட்டியுள்ள குடும்ப வீட்டுக்குக் கடந்த மாதம் குடிவந்தோம். சாமான்களைக் கொண்டுவர பெங்களூரைச் சேர்ந்த ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். அவர்களுடைய ஆள் வீட்டுக்கே வந்து, ஒவ்வோர் அறையாகப் பார்த்துப் பொருட்களைக் குறித்துக்கொண்டு, பேக்கிங், ஏற்றுகூலி, இறக்குகூலி, சுங்கச்சாவடிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். மீதி 28,000 ரூபாயைச் சாமான் வந்து சேர்ந்ததும் கொடுப்பதாகப் பேச்சு.

லாரி சொன்ன நாளுக்கு மறுநாள் இரவு, மழைக்கு நடுவே வந்து முதன்மைச் சாலையிலேயே நின்றுவிட்டது. உடன் வந்த மேற்பார்வையாளர், பின்கதவைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளை நீட்டினார். சந்துக்குள் லாரி நுழையாது என்பதால் சிறிய வண்டியில் மாற்றி ஏற்ற 6,000 ரூபாய்; பட்டியலில் இல்லாத பொருட்களுக்காக 5,500; இ-வே பில்லுக்கும் (சரக்கோடு கொண்டுபோகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) செக்போஸ்ட்டுக்கும் 3,000; காத்திருப்புக் கட்டணம் 2,000; உள்ளூர் லோடுமேன் கூலி 3,000. ஆக மொத்தம், மீதித் தொகைக்கு மேல் 19,500 ரூபாய். அதைக் கொடுத்தால்தான் இறக்குவோம், இல்லையென்றால் வண்டியைத் திருநெல்வேலி குடோனுக்குத் திருப்பிவிடுவோம், அங்கே நாளுக்கு நாள் வாடகை ஏறும் என்றார். மாமியாருடைய நெபுலைசர் அந்த லாரிக்குள் இருந்த ஒரு அட்டைப்பெட்டியில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் வாதாடிப் பார்த்துவிட்டு, 47,500 ரூபாயையும் அந்த மேற்பார்வையாளர் சொன்ன கைப்பேசி எண்ணுக்கு யூபிஐ மூலம் அனுப்பினோம். அனுப்புவதற்கு முன், கொட்டேஷன் கொடுத்தவருக்கு, "சாமானை இறக்க மறுப்பதால் வேறு வழியின்றி இந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்கிறேன், இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, முறையான பில் அனுப்புங்கள்" என்று என் கணவர் வாட்ஸ்அப்பில் எழுதினார். இரண்டு நீலக் குறிகளும் விழுந்தன. பதில்தான் இன்றுவரை இல்லை.

இறக்கிய பிறகு பார்த்ததில் டிரெஸ்ஸிங் டேபிளின் கண்ணாடி மூலையில் விரிசல். அது போகட்டும் என்று விட்டுவிடலாம்; இந்த 19,500 ரூபாய்தான் மனதை அறுக்கிறது. இதில் எவ்வளவு நியாயமாகக் கொடுக்க வேண்டியது, எவ்வளவு பிடுங்கியது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். கொட்டேஷனின் அடியில் "வழக்கு ஏதும் இருப்பின் பெங்களூர் நீதிமன்றங்களில் மட்டுமே" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாங்கள் பெங்களூர் போக வேண்டுமா?

கோட்டாறு புக்கிங் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் நாகர்கோவிலில் லாரி புக்கிங் தொழிலில் இருப்பவன். ஆகவே என் பேச்சில் வண்டிக்காரர் பக்கச் சாய்வு கொஞ்சம் இருக்கக்கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் கொட்டேஷன் கொடுத்த நிறுவனத்துக்குச் சொந்த லாரி இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஊரில் யாரும் சொல்லாத குறைந்த தொகையைச் சொல்லி ஆர்டரைப் பிடிப்பார்கள்; முன்பணத்தைத் தங்கள் கமிஷனாக வைத்துக்கொண்டு, லோடை வேறொரு வண்டிக்காரருக்குக் கைமாற்றிவிடுவார்கள். அவரும் மூன்று நான்கு வீட்டுச் சாமான்களை ஒரே லாரியில் சேர்த்து ஏற்றிக்கொண்டு, வழியில் ஒவ்வோர் ஊராக இறக்கிக்கொண்டு வருவார். வண்டிக்காரருக்கு வாடகை கட்டுப்படியாகாத அந்தப் பள்ளத்தை யார் தலையில் கட்டுவது? இறக்குமிடத்தில் நிற்கிற உங்கள் தலையில்தான். கதவைத் திறப்பதற்கு முன் தாளை நீட்டுவது அதனால்தான். திறந்து பாதிச் சாமான் இறங்கிவிட்டால் அவர்கள் பேச்சுக்கு வலு இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். இ-வே பில் என்று 3,000 ரூபாய் வாங்கியது அப்பட்டமான பொய். வீட்டில் பயன்படுத்திய சாமான்களுக்கு இ-வே பில் தேவையே இல்லை. ஜிஎஸ்டி விதி 138-இன் இணைப்புப் பட்டியலிலேயே அவற்றுக்கு விலக்கு உண்டு. செக்போஸ்ட் கதையும் அப்படியே. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது போக்குவரத்துத் துறையின் சாவடி. அங்கே பார்ப்பது வண்டியின் பெர்மிட்டையும் வரியையும்தான், அந்தச் செலவு வண்டி உரிமையாளருடையது. காத்திருப்புக் கட்டணம் கேட்பதற்கு நீங்கள் வண்டியைக் காக்க வைத்திருக்க வேண்டும். அவர்களே ஒரு நாள் பிந்தி வந்துவிட்டு உங்களிடம் அதைக் கேட்பதை என்னவென்று சொல்வது! இறக்குகூலி கொட்டேஷனிலேயே அடங்கிவிட்டதால், உள்ளூர் ஆளை அமர்த்தினாலும் வெளியூர் ஆளை அழைத்து வந்தாலும் அது அவர்கள் பாடு.

ஆனால் சிறிய வண்டிக் கணக்கை நான் முழுவதுமாகத் தள்ளமாட்டேன். நம் மாவட்டத்தில் சானல் கரைப் பாதைகளிலும் தோப்புகளுக்கு நடுவே வளைந்து போகும் சந்துகளிலும் 17 அடி லாரி நுழையாது. நுழைந்தாலும் திரும்பி வர இடமிருக்காது. குட்டியானையில் இரண்டு மூன்று நடை அடிக்கத்தான் வேண்டும். இரவு, மழை, இருமுறை ஏற்றி இறக்கும் வேலை எல்லாம் சேர்த்தால் என் கணக்கில் 4,000 ரூபாய் வரை நியாயம். பட்டியலில் இல்லாத பொருள் எது எது என்று தெரிந்தால் அதையும் சொல்வேன்.

சானல்கரை வீடு எழுதியது:

விரிவாக எழுதியதற்கு நன்றி அண்ணாச்சி. பட்டியல் எழுதிய பிறகு நாங்கள் சேர்த்தவை மகனுடைய சைக்கிள், ஒரு மெத்தை, நான்கு பூந்தொட்டிகள், அவ்வளவே. அவற்றுக்கு 5,500 ரூபாயா என்பதுதான் என் கேள்வியும்.

சந்து விஷயத்தில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். முன்பதிவு செய்த அன்றே இறக்குமிடத்தின் லொக்கேஷனை அனுப்பச் சொன்னார்கள். லொக்கேஷனோடு, வாசலிலிருந்து முதன்மைச் சாலை வரை நடந்துகொண்டே எடுத்த ஒரு வீடியோவையும் என் கொழுந்தன் மூலம் வாங்கி அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "ஓகே மேடம், நோ பிராப்ளம்" என்று பதில் வந்திருக்கிறது. முழு லாரியும் எங்களுக்கே என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கதவைத் திறந்தபோது வேறொரு வீட்டுச் சலவை இயந்திரமும், மதுரை முகவரி எழுதிய சில பெட்டிகளும் உள்ளே இருந்தன. அதைக் கணவர் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

நாகர்கோவில் வழக்கறிஞர் எழுதியது:

சகோதரி, வீடியோவை அனுப்பியதும் அதற்கு வந்த பதிலும் இருப்பதால், சிறிய வண்டிச் செலவைக்கூட நீங்கள் மறுக்க இடமிருக்கிறது. பாதையை முன்கூட்டியே பார்த்துவிட்டு "அனைத்தும் சேர்த்து 38,000" என்று ஒப்புக்கொண்டவர், வாசலுக்கு வந்த பிறகு பாதை குறுகல் என்று சொல்வது எடுபடாது. கோட்டாறு நண்பர் தொழில் வழக்கத்தைச் சொல்கிறார். நான் ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். எனினும் பேசித் தீர்க்கும் எண்ணம் இருந்தால், அந்த 4,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதற்கான இடமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பணத்தைக் கொடுத்துவிட்டோமே, இனி கேட்க முடியுமா" என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வற்புறுத்தலின் பேரில் பெற்ற பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: சரக்கைப் பெற வேண்டியவரிடம், சட்டத்துக்குப் புறம்பான ஒரு கட்டணத்தைச் செலுத்தினால்தான் சரக்கைத் தருவோம் என்று ஒரு ரயில்வே நிறுவனம் மறுக்கிறது, அவரும் சரக்கை மீட்பதற்காகச் செலுத்திவிடுகிறார், அப்படிச் செலுத்தியதில் முறைகேடாகக் கூடுதலாக வாங்கிய பகுதியைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. ரயில்வே இருக்கும் இடத்தில் லாரியை வைத்தால் அது உங்கள் வழக்குதான். ஒருவரின் பொருளைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைப்பதும், தடுத்து வைப்பதாக மிரட்டுவதும் வற்புறுத்தலே என்று அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவும் சொல்கிறது. திருநெல்வேலி குடோன் பேச்சு இங்கே பொருந்தும்.

அவர்கள் பக்கத்து வாதம் என்னவாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் பற்றுரிமை தங்களுக்கு உண்டு என்பார்கள். 28,000 ரூபாயை நீங்கள் தர மறுத்திருந்தால் அந்த வாதத்துக்கு ஓரளவு இடமிருந்திருக்கும். நீங்களோ பேசிய தொகையைக் கொடுக்கத் தயாராகவே இருந்தீர்கள். ஒப்பந்தத்தில் இல்லாத, தாங்களாகவே எழுதிக்கொண்ட ஒரு தொகைக்காகப் பொருளைப் பிடித்துவைக்க எந்த உரிமையும் கிடையாது.

பெங்களூர் போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் அளிக்க 34-ஆவது பிரிவில் வழி செய்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. பழைய அனுபவத்தை வைத்து யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்தாதீர்கள். உங்கள் புகாரை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் விசாரிக்கும். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் கட்டாயமும் இல்லை. இதைச் சொல்வது என் தொழிலுக்கு நல்லதல்ல என்றாலும், உங்கள் ஆவணங்கள் இருக்கும் நிலையில் நீங்களே வாதாடலாம். நிகழ்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளித்துவிட வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அளிக்கலாம். எதிர்த்தரப்பு தன் பதிலை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் மேற்கொண்டு 15 நாட்கள் வரை அவகாசம் தரலாம்.

புகார் எழுதும்போது ஒன்றில் கவனம் தேவை. கொட்டேஷனின் பொடி எழுத்து நிபந்தனைகளைப் படித்துவிட்டு, "இது நியாயமற்ற ஒப்பந்தம், இதைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டும்" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அப்படி அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டு தலைப்புகளில் மட்டும் நில்லுங்கள். பில் கேட்டும் தராமல் இருப்பதே 2019 சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. உங்கள் கணவர் அன்றே பில் கேட்டு எழுதியது பெரிய பலம். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்துக் கொடுக்கும்போது, மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழைப் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி இணைத்துவிடுங்கள், கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள்.

கண்ணாடியை விட்டுவிடலாம் என்கிறீர்கள். விட வேண்டாம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி, இழப்புக்கோ சேதத்துக்கோ வழக்குத் தொடர்வதானால் சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கூடுதல் கட்டணத்துக்காக அனுப்பும் அதே நோட்டீஸில் கண்ணாடியையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால் முடிந்தது.

முதல் வேலை அந்த நோட்டீஸ்தான். எந்தத் தொகை எதற்காக வாங்கப்பட்டது, அது கொட்டேஷனின் எந்த வரிக்கு முரணாக இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாக எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு கூடிய தபாலில் அவர்கள் அலுவலக முகவரிக்கும், மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றம் அல்ல, உத்தரவு போடாது. ஆனாலும் அரசின் பதிவெண்ணோடு ஒரு புகார் போவதால் சில நிறுவனங்கள் இறங்கி வருவது உண்டு.

மார்த்தாண்டத்துக்காரன் எழுதியது:

திருவனந்தபுரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு மாறியபோது எங்களுக்கும் இதே அனுபவம். ஆனால் எங்களுக்கு அது ஏற்றுமிடத்திலேயே வந்தது. "நோக்குகூலி" கொடுத்தோம் என்று சொல்லி 2,500 ரூபாயைப் பில்லில் சேர்த்திருந்தார்கள். வேலையே செய்யாமல் வேடிக்கை பார்த்ததற்காகக் கேட்கும் அந்தக் கூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது என்பதை எடுத்துச் சொல்லி, வாங்கியவரின் பெயரோடு ரசீது கேட்டேன். தொகை பில்லிலிருந்து மறைந்துவிட்டது. எந்தத் தலைப்பில் பணம் கேட்டாலும் அந்தத் தலைப்பில் ரசீது கேட்பது நல்ல வழி என்பது என் கருத்து.

இன்னொன்று: அவர்கள் கொட்டேஷனில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகை இருக்கிறதா, பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். கர்நாடகப் பதிவு என்றால் எண் 29 என்று தொடங்கும். 15 இலக்க எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தட்டினால் உண்மையான பெயரும் முகவரியும் வரும். நோட்டீஸ் அனுப்ப அந்த முகவரிதான் உதவும். விளம்பரத்தில் இருக்கும் முகவரியை நம்பினால் தபால் திரும்பி வரும்.

சானல்கரை வீடு எழுதியது:

மிக உதவியாக இருந்தது. ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிப் பார்த்ததில் விளம்பரப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் வேறொன்று, முகவரியும் வேறு. இரண்டு முகவரிகளுக்கும் நோட்டீஸ் அனுப்பினோம். விளம்பரத்தில் இருந்த முகவரிக்குப் போனது "அப்படி யாரும் இல்லை" என்ற குறிப்போடு திரும்பிவிட்டது. பதிவு முகவரிக்குப் போனது ஒப்புகையோடு வந்தது. கூடுதலாக வாங்கிய 19,500 ரூபாயும், கண்ணாடி மாற்ற 2,500 ரூபாயும் கேட்டிருந்தோம்.

கெடு முடிவதற்குள் அவர்களே தொலைபேசியில் அழைத்தார்கள். மேற்பார்வையாளர் தங்கள் ஊழியரே அல்ல, வண்டிக்காரர் அனுப்பிய ஆள், அவர் வாங்கியதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று தொடங்கி, கடைசியில் 8,000 ரூபாய் தருகிறோம், கூகுளில் எழுதிய விமர்சனத்தை நீக்கிவிட்டு, புகார் ஏதும் இல்லை என்று ஒரு கடிதம் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்றார்கள். வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்கிறார் கணவர்.

கோட்டாறு புக்கிங் எழுதியது:

எட்டாயிரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் சகோதரி. இ-வே பில் 3,000, காத்திருப்பு 2,000, இறக்குகூலி 3,000 என்ற மூன்றையும் கூட்டினால் சரியாக அந்த எட்டாயிரம். எதற்குமே பதில் சொல்ல முடியாத மூன்று தலைப்புகளை மட்டும் திருப்பித் தந்துவிட்டு, மற்ற இரண்டையும் முழுதாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். சைக்கிளும் மெத்தையும் தொட்டிகளும் சேர்ந்து லாரியில் அடைக்கும் இடத்துக்கு 1,500 ரூபாயே தாராளம். சிறிய வண்டிக்கு நான் முன்பு சொன்ன 4,000. இவை போக 14,000 ரூபாய் திரும்ப வர வேண்டும், கண்ணாடி தனி.

நாகர்கோவில் வழக்கறிஞர் எழுதியது:

அந்தக் கணக்கு எனக்கும் உடன்பாடே. மேற்பார்வையாளர் எங்கள் ஆள் இல்லை என்ற வாதம் செல்லாது. உங்களோடு ஒப்பந்தம் செய்தவர் அந்த நிறுவனம், வேலையை யாரிடம் ஒப்படைத்தார் என்பது அவருடைய விவகாரம். மேலும், முழு லாரி என்று சொல்லிப் பங்கு லோடில் அனுப்பியதற்குப் படம் இருக்கிறது. அதைத் தொலைபேசியில் நினைவூட்டுங்கள்.

கடிதத்தைப் பற்றி: பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே கையெழுத்து. அவர்கள் எழுதி அனுப்பும் வாசகத்தில் கையெழுத்திடாமல், இன்ன தேதியில் இன்ன தொகை பெறப்பட்டது, இந்தக் கூடுதல் கட்டணப் பிரச்சினை இத்துடன் தீர்ந்தது என்று நீங்களே இரண்டு வரியில் எழுதுங்கள். "எந்தப் புகாரும் எப்போதும் இல்லை" என்ற வாசகம் வேண்டாம். கண்ணாடிக்கான பணம் சேராவிட்டால் அந்தச் சொற்கள் அதையும் அடைத்துவிடும். விமர்சனத்தை நீக்குவதற்குப் பதிலாக, பணம் திரும்பத் தரப்பட்டது என்று அதிலேயே ஒரு வரி சேர்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்தவருக்கும் அது பயன்படும். ஒப்புக்கொள்ளவில்லையென்றால் இ-ஜாக்ரிதியில் புகாரைத் தாக்கல் செய்யுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் புகார் எழுதித் தருவார்கள்.

சானல்கரை வீடு எழுதியது:

புகாரை எழுதி முடித்து, அதன் நகலை அவர்களுடைய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை தாக்கல் செய்வதாகத் தெரிவித்தோம். நேற்று மாலை 15,000 ரூபாய் கணக்குக்கு வந்துவிட்டது: கூடுதல் கட்டணத்தில் 14,000, கண்ணாடிக்கு 1,000. கண்ணாடிக்கு அது போதாது, ஆனாலும் ஏற்றுக்கொண்டோம். வழக்கறிஞர் ஐயா சொன்னபடி இரண்டு வரிக் கடிதம்தான் கொடுத்தோம். விமர்சனம் நீக்கப்படவில்லை, பணம் திரும்ப வந்த விவரத்தை அதன் கீழே சேர்த்திருக்கிறோம். 38,000 ரூபாய்க்கான பில் மட்டும் இன்னும் வரவில்லை. அதையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.